தேசிமரத்தடியில் ஒரு பைனாகுலர்

சின்ன மாமாவின் அலுமாரியில் கீழ்த்தட்டு சிறுவர்களுக்கு விலக்கு. அதற்குள் ஒரு றேடியோ, ஒரு பைனாகுலர், இறப்பர் வெடித்த சுழியோடிக் கண்ணாடி ஒன்று, பழைய சிகரெட் தகரத்தில் சுருட்டி வைத்த ஈயக்கம்பி, ஒரு சோல்டரிங் அயன், எதற்கென்று தெரியாத நாலைந்து செப்புக்கம்பிச் சுருள்கள். இவற்றில் எதுவும் அவருக்குச் சோறு போடவில்லை. துறைமுகத்து எழுதுவினைஞர் உத்தியோகம்தான் சோறு போட்டது. பின்னேரம் வந்து சாரத்தை மாற்றிக்கொண்டு, பிளேன்ரீயைக் குடித்துவிட்டு, அந்தத் தட்டுக்கு முன்னால் சப்பாணி கட்டி இருந்தாரென்றால் இரவு ஒன்பதேகாலுக்கு லண்டன் தமிழோசை தொடங்கி முடியும்வரை எழும்பமாட்டார். "உவனுக்கு விசர். ஆனால் கடிக்காத விசர்" என்பா அம்மம்மா.

எங்கள் பக்கத்தில் விசர் என்பது முழுக்க வசைச்சொல் அல்ல. புத்தக விசர், நாடக விசர், புறா விசர் என்று திருகோணமலையில் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தார். கருவி விசர் மட்டும் கொஞ்சம் வேறு. புறா வளர்ப்பவனிடம் யாரும் வந்து இதை ஏன் வைத்திருக்கிறாய் என்று கேட்பதில்லை. (புறாவும் கடிதம் கொண்டுபோகும் என்பது கேட்க வேண்டியவர்களுக்கு நினைவில்லைப் போலும்.) துறைமுகமுள்ள ஊரில் பைனாகுலர் வைத்திருப்பவனிடம் கேட்பார்கள்.

மாமாவைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இன்னொருவர் கூடவே வந்து நிற்கிறார். அவரும் கருவி விசரர், அவரும் இந்தக் கடலில் இறங்கியவர், அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை. விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்.

கிளார்க் இங்கிலாந்தின் சமர்செற்றில் பிறந்தவர். பையனாக இருந்தபோதே பழைய வில்லைகளைக் குழலுக்குள் பொருத்தித் தொலைநோக்கி செய்து சந்திரனைப் படம் வரைந்தார். சைக்கிள் லாம்பின் ஒளியில் குரலை ஏற்றி அனுப்பிப் பார்த்தார். இரண்டாம் உலகப்போரில் பிரித்தானிய விமானப்படையில் சேர்ந்து, மூடுபனியில் கண்தெரியாமல் வரும் விமானத்தைத் தரையிலிருந்தே பேசிப்பேசி இறக்குகிற றேடாரில் வேலை செய்தார். போர் முடிந்த கையோடு, 1945 ஒக்டோபரில், 'வயர்லெஸ் வேர்ல்ட்' சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமத்தியரேகைக்கு நேர்மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு நிலையத்தை நிறுத்தினால் அது பூமியோடு சேர்ந்தே சுழலும், வானத்தில் அசையாமல் நிற்பதுபோலத் தோன்றும், அப்படி மூன்று இருந்தால் உலகம் முழுவதற்கும் ஒலிபரப்பலாம் என்றார். இன்று நம் கூரைகளில் உள்ள டிஷ் தட்டுக்கள் எல்லாம் ஒரே திசையைப் பார்த்து அசையாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கணக்குத்தான்.

1954 டிசம்பரில் அவுஸ்திரேலியப் பவளப்பாறைகளுக்குச் சுழியோடப் போகும் வழியில், அவர் வந்த 'ஹிமாலயா' கப்பல் கொழும்பில் ஒரு பிற்பகல் நின்றது. அந்தப் பிற்பகல் போதுமாயிருந்தது. 1956இல் தோழர் மைக் வில்சனோடு இலங்கைக்கு வந்தவர், 2008 மார்ச் 19இல் கண்மூடும்வரை இந்த நாட்டையே வீடாக வைத்திருந்தார்.

அவருடைய கீழ்த்தட்டு பெரியது. ஹியூலட்-பக்கார்ட் 9100ஏ என்ற மேசைக் கணிப்பான் ஒன்று இருந்தது. பதினெட்டுக் கிலோப் பாரம். தான் எழுதிய '2001' கதையில் வருகிற கணினியை நினைத்து அதற்கு 'ஹால் ஜூனியர்' என்று பெயர் வைத்திருந்தார். கொழும்பு வீட்டில் பதினான்கு அங்குலத் தொலைநோக்கி ஒன்று. '2010' நாவலை ஆர்க்கைவ்ஸ் 3 என்ற கணினியில் வேர்ட்ஸ்ரார் கொண்டு எழுதி, முழு நாவலையும் ஐந்து அங்குல டிஸ்கெட் ஒன்றுக்குள் அடக்கிக் கொழும்பிலிருந்து நியூயோர்க்குக்கு அனுப்பினார். கடைசி நேரத் திருத்தங்கள் பாதுக்கைத் தரை நிலையத்திலிருந்து செய்மதி வழியாகப் போயின. தான் கணக்குப் போட்ட வட்டப்பாதையில் தன்னுடைய எழுத்துப்பிழையைத் திருத்தி அனுப்பக் கொடுத்து வைத்தவர் உலகத்தில் அவர் ஒருவர்தான். பின்னேரங்களில் மேசைப்பந்து. வீட்டில் சிவாவா நாய்க்குட்டிகள்.

இந்தப் பட்டியலில் என்னை உறுத்துவது 1975ஆம் ஆண்டு. அந்த வருடம் இந்தியா 'சைற்' என்ற பரிசோதனையைத் தொடங்கியது. அமெரிக்காவின் ஏரிஎஸ்-6 செய்மதியிலிருந்து ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி. கிளார்க்கைக் கௌரவிக்க இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் பொறியியலாளர்கள் கொழும்புக்கே வந்து அவருடைய வீட்டில் ஒரு டிஷ்ஷைப் பூட்டிக் கொடுத்தார்கள். இலங்கையில் அப்போது தொலைக்காட்சி நிலையமே கிடையாது. அது வர 1979 ஆகும். இறக்குமதிக்குக் கதவு சாத்தியிருந்த காலம் அது. மாமா ஒரு றேடியோ வால்வுக்கு மாதக்கணக்கில் அலைந்திருக்கிறார். பாணுக்கு வரிசை, துணிக்கு வரிசை, வால்வுக்கு வரிசைகூட இல்லை. 1977இல் கதவு திறந்து, வளைகுடாவுக்குப் போனவர்கள் பெட்டி பெட்டியாகக் கொண்டுவரத் தொடங்கிய பிறகுதான் மாமாவின் தட்டில் நஷனல் பனசொனிக் ஏறியது. கிளார்க்கின் மேல் பொறாமையில் சொல்லவில்லை. டிஷ் ஒன்றைக் கொடுக்க வேண்டுமானால் அவருக்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கருவி விசருக்கும் கடவுச்சீட்டு உண்டு என்பதை அந்த வருடம் காட்டுகிறது.

இவ்வளவுக்குள்ளும் எது அவருக்கு மிகப் பிடித்தது என்று கேட்டால், கணினியையோ தொலைநோக்கியையோ சொல்லமாட்டேன். முதுகில் கட்டுகிற காற்றுச் சிலிண்டரும் வாயில் கடிக்கிற வால்வும்தான். விண்வெளியில் மிதப்பதற்கு மனிதன் பூமியில் பெறக்கூடிய மிகக் கிட்டிய அனுபவம் நீருக்குள் மிதப்பதே என்பதால்தான் அவர் சுழியோடத் தொடங்கினார். 1962இல் உடல் செயலிழந்து மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார். பிந்திய வயதில் சக்கர நாற்காலி. நிலத்தில் கால் இழுபட்ட பிறகும் நீருக்குள் அவருக்குக் கால் தேவைப்படவில்லை.

அந்த வால்வைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். மாமா எனக்கு விளங்கப்படுத்திய முதல் பொறிமுறை அது. ஒரு வாளித் தண்ணீருக்குள் பப்பாசிக் குழலை விட்டு, வாயால் ஊதச்சொல்லி, அதிலிருந்து தொடங்கினார். பத்து மீற்றர் ஆழத்தில் நெஞ்சின்மேல் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல இரண்டு மடங்கு. மேலேயிருந்து குழாய் விட்டுக் காற்றை உறிஞ்சலாம் என்றால் நெஞ்சு விரியாது. ஒரு மீற்றருக்குள்ளேயே தோற்றுப்போவோம். சிலிண்டரிலிருந்து நேரே காற்றைத் திறந்துவிட்டால் சுவாசப்பை கிழியும். ஆகவே சுற்றியுள்ள நீர் எவ்வளவு அழுத்துகிறதோ அதே அழுத்தத்தில், இழுக்கும்போது மட்டும் காற்றைத் தந்து, இழுக்காதபோது மூடிக்கொள்கிற ஒரு கதவு வேண்டும். நடுவில் ஒரு இறப்பர்த் தோல். ஒருபக்கம் கடல், மறுபக்கம் மூச்சு. 1943இல் பிரான்சில் ஜாக் கூஸ்தோவும் எமீல் கான்யானும் இதைச் செய்து முடித்தார்கள். கான்யான் அதற்கு முன் செய்துகொண்டிருந்தது காருக்கான வால்வு. ஜேர்மன் ஆக்கிரமிப்பில் பெற்றோல் இல்லாமல் பிரெஞ்சுக் கார்கள் விறகுப்புகை வாயுவில் ஓடின. அந்த வாயுவை அளந்துவிடச் செய்த வால்வைத்தான் கடலுக்குக் கொண்டுபோனார்கள்.

தொண்ணூறுகளில் யாழ்ப்பாணம் போய்வந்த ஒருவருக்கு இது கதையாகவே தெரியாது. பொருளாதாரத் தடைக்குள் ஒஸ்ரினும் மொறிசும் மண்ணெண்ணெயில் ஓடியதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். காபரேற்றருக்குள் சில துளி பெற்றோலைப் பீச்சிக் கிளப்பிவிட்டு, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். தெரு முழுக்கப் புகை. பற்றரி தடை என்பதால் சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்னில் செய்தி கேட்டார்கள். ஒருவர் சுற்ற நாலுபேர் கேட்பது. கான்யானின் கையில் இருந்த அதே புத்திதான் இந்தக் கைகளிலும் இருந்தது. அவருடையது ஒரு காப்புரிமையாயிற்று. எங்களுடையது நிவாரணக் கதையாயிற்று.

சரி, கடலுக்கு வருவோம்.

திருகோணமலை நகரத்தின் கிழக்கு நுனியில் சுவாமி மலை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்குகிறது. அதன் உச்சியில் இருந்த கோணேசர் கோயிலைப் பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு டி சா இடித்தான். கல்லில் ஒரு பகுதி கோட்டைச் சுவரானது, ஒரு பகுதி கடலுக்குள் போனது. அதன் பின் தலைமுறை தலைமுறையாக, கோயில் இல்லாத மலையுச்சியில் நின்று கடலுக்குப் பூவும் தேங்காயும் போட்டுக் கும்பிட்டார்கள். 1950இல் நகருக்குள் கிணறு வெட்டியபோது புதைத்து வைத்திருந்த வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. ஆறு வருடம் கழித்துக் கிளார்க்கும் வில்சனும் மலையடியில் இறங்கி, செதுக்கிய கல்லையும் தூண் துண்டுகளையும் கண்டார்கள். கடலடியில் கிடந்த லிங்கம் ஒன்றை வில்சன் மேலே கொண்டுவந்தார். 1963இல் குடமுழுக்குக் கண்ட புதிய கோயிலில் அது இருக்கிறது. கிளார்க் அந்த அனுபவத்தை 1957இல் வந்த 'த றீவ்ஸ் ஒஃப் தப்ரபேன்' என்ற நூலில் எழுதினார்.

'கண்டுபிடித்தார்' என்ற வினைச்சொல்லோடு எனக்கு ஒரு வழக்கு உண்டு. அதை இங்கே நீட்டவில்லை. கீழே கோயில் கிடக்கிறது என்பது கொட்டியாரக் குடாவில் வலை போட்டவர்களுக்குத் தெரியும், அம்மம்மாவுக்கும் தெரியும். ஆனால் தெரிவது வேறு, கீழே அரைமணி நேரம் நின்று பார்த்துப் படம் எடுத்து வருவது வேறு. மூச்சைப் பிடித்துச் சங்கு குளிப்பவனுக்குக் கடலடி ஒரு நிமிடச் சொத்து. அந்த ஒரு நிமிடத்தில் அவன் சங்கைத்தான் பார்ப்பான், தூணைப் பார்க்க அவனுக்கு மூச்சு மிச்சமில்லை. கருவி கொடுத்தது அந்த மிச்ச மூச்சைத்தான். வேலைக்கு வேண்டிய மூச்சுக்கு மேல் கொஞ்சம் வேடிக்கைக்கான மூச்சு. கருவி விசர் என்பது இதுதான் என்று இப்போது எனக்குப் படுகிறது.

வில்சன் விசித்திரமான மனிதர். சிங்களத்தின் முதல் வண்ணப்படமான 'ரன்முத்து தூவ' அவர் இயக்கியது; 1962இல் வந்தது. காமினி பொன்சேகாவும் ஜோ அபேவிக்ரமவும் நடித்த அந்தப் படத்துக்குக் கிளார்க்கின் பணமும் போனது. கடலடிப் புதையல் கதை; கோணேசர் மலையும் எங்கள் கடலும் அதில் வருகின்றன. படப்பிடிப்புப் பார்ப்பதற்காகப் பள்ளிக்கூடத்துக்குக் கள்ளமடித்த பெடியளில் மாமாவும் ஒருவர். அவருடைய சுழியோடிக் கண்ணாடி அந்த நாட்களின் ஞாபகம். யாரிடமிருந்து எப்படி வந்தது என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு கதை சொல்லுவார். 1961இல் தெற்கே பெரிய இராவணன் பாறைத்திட்டில் ஔரங்கசீப் காலத்து வெள்ளிக்காசு ஏற்றிய கப்பலின் சிதைவைக் கண்டவரும் இதே வில்சன். பிறகு ஒருநாள் சினிமா, கமறா, சிலிண்டர் எல்லாவற்றையும் விட்டார். கதிர்காமக் கந்தனின் அடியவரானார், சுவாமி சிவ கல்கி என்று பெயர் பூண்டார், 1995இல் காலமானார். கடலடியில் லிங்கத்தைத் தூக்கிய கைக்கு அப்படித்தான் நேரும் என்று ஊரில் சிலர் சொல்வார்கள். எனக்கு அவ்வளவு நிச்சயமில்லை. அதே மலையடியில் இறங்கிய கிளார்க் கடைசிவரை மதநம்பிக்கை அற்றவராகவே இருந்தார்.

1995 என்ற ஆண்டைச் சொன்னதும் இந்த ஊரில் வேறொன்று நினைவுக்கு வரும்.

அதற்கு முன் சிறிது பின்னால் போகவேண்டும். எங்கள் உட்துறைமுகம் ஆழமானது, மலைகளால் மூடியது. அதனால்தான் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. 1942 ஏப்ரல் 9 காலை ஜப்பானிய விமானங்கள் வந்தபோது இங்கே றேடார் முன்கூட்டியே கண்டுவிட்டது. கப்பல்களை முதல்நாள் இரவே வெளியே அனுப்பியிருந்தார்கள். அப்படித் தப்பிப்போன 'ஹேர்மிஸ்' விமானந்தாங்கியை மட்டக்களப்புக்கு வெளியே பிடித்து மூழ்கடித்தார்கள் என்பது வேறு சோகம். 1944 ஒக்டோபரில் இங்கிருந்து போன 'ட்ரெஞ்சன்ற்' நீர்மூழ்கி, இரண்டு மனித ரோப்பிடோக்களைக் கட்டிக்கொண்டு தாய்லாந்தின் புக்கெற்றுக்குப் போனது. இறப்பர் உடையும் மூச்சுக்கருவியும் அணிந்தவர்கள் அவற்றின்மேல் குதிரை ஏறுவதுபோல ஏறிப்போய் அங்கு கிடந்த கப்பல்களுக்கு வெடிவைத்தார்கள். ஆக, சுழியோடி என்பவன் இந்தத் துறைமுகத்துக்கு வேடிக்கைக்காரனாக முதலில் வரவில்லை. போர்வீரனாகத்தான் வந்தான். கிளார்க்கின் காலம் இடையில் கிடைத்த ஓர் ஓய்வு.

1995 ஏப்ரல் 19இல், விடுதலைப் புலிகளின் சுழியோடிகள் உட்துறைமுகத்துக்குள் நீரடியால் வந்து, 'சூரயா', 'ரணசுறு' என்ற இரண்டு கடற்படைப் படகுகளைத் தகர்த்தார்கள். கடற்படையினர் பன்னிரண்டு பேர் இறந்தார்கள். ஜனவரியில் தொடங்கிய போர்நிறுத்தம் நூறுநாள் கடந்த நிலையில் அதோடு முடிந்தது. அந்தத் துறைக்கும் கிளார்க் இறங்கிய மலையடிக்கும் இடையில் நடக்கிற தூரம்தான்.

மறுநாள் பின்னேரம் மாமா அலுமாரியைத் திறந்து சுழியோடிக் கண்ணாடியை எடுத்து, குசினி அடுப்பில் போட்டார். முப்பது வருடத்துக்கு மேல் ஒருபோதும் நனையாத கண்ணாடி. மாமாவுக்கு நீந்தவே வராது. "ஏனண்ணை அதைப்போய்?" என்று அம்மா கேட்டா. அவர் பதில் சொல்லவில்லை. இறப்பர் எரிந்த மணம் இரண்டு நாள் நின்றது. குழம்பிலும் அது இருந்தது.

பைனாகுலர் அதற்கு முன்பே போய்விட்டது. அது தாத்தாவின் பொருள். டொக்யாட்டில் வேலை செய்தவர். 1957இல் பிரித்தானியர் தளத்தைக் கையளித்து வெளியேறியபோது ஒரு வெள்ளைக்கார அதிகாரி கொடுத்துவிட்டுப் போனதாம். எண்பதுகளின் தொடக்கத்தில் மாமா அதைக் கழுத்தில் கொழுவிக்கொண்டு மலைக்குப் போவார், திமிங்கிலம் பார்க்க. துறைமுக வாயிலிலிருந்தே ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கி ஆயிரம் மீற்றருக்கு மேல் ஆழமாக இறங்கிச் செல்கிறது. அதனால் நீலத்திமிங்கிலம் கரைக்கு இவ்வளவு கிட்டே வருகிறது. அதே வருடங்களில் ஹல் வைற்ஹெட் என்ற விஞ்ஞானியின் குழு 'ரூலிப்' என்ற சிறு பாய்க்கப்பலில் இந்தக் கடலில் திரிந்தது. நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கித் திமிங்கிலங்களின் சத்தத்தைப் பதிந்தார்கள். மாமாவிடம் ஒலிவாங்கி இல்லை. மூச்சு விடும்போது எழும்பும் நீர்த்தூணை எண்ணுவார், ஒரு கொப்பியில் திகதியும் எண்ணிக்கையும் குறிப்பார். அந்தக் கொப்பியும் பிறகு இல்லை. திகதியும் நேரமும் எண்ணிக்கையும் மட்டும் எழுதிய கொப்பியைத் துறைமுக ஊரில் யார் கையில் கொடுத்து, இது திமிங்கிலம் ஐயா என்று சொல்லுவது?

ஏரியல் விடயமும் அப்படித்தான். சிற்றலைக்கு நீளக்கம்பி வேண்டும் என்று அறுபது அடிக் கம்பியைத் தென்னைக்கும் வீட்டு முகட்டுக்கும் இடையில் இழுத்திருந்தார். ஒருநாள் சீருடைக்காரர் வந்து நிமிர்ந்து பார்த்தார்கள். மாமாவைக் கூட்டிக்கொண்டு போய், பொழுதுபட்ட பின் விட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று அவர் சொன்னதில்லை. 'யாரோடு கதைக்கிறாய்' என்று கேட்டிருப்பார்கள். கேட்கிற கருவிக்கும் கதைக்கிற கருவிக்கும் உள்ள வித்தியாசத்தை அன்று பகல் முழுவதும் விளங்கப்படுத்தியிருப்பார். பப்பாசிக் குழல் கிடைத்திருக்காது. இதில் ஒரு வேடிக்கை, 1984 தொடக்கம் ஜேர்மனியின் டொய்ச்ச வெல்ல வானொலி எங்கள் திருகோணமலையிலேயே பெரிய அஞ்சல் நிலையம் வைத்து, அன்ரனாக்களை வரிசையாக நாட்டி, ஆசியா முழுவதற்கும் ஒலிபரப்பிக்கொண்டிருந்தது. அது 2013இல்தான் இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. அத்தனை கம்பிகள் நின்ற மாவட்டத்தில் ஒரு கம்பி மட்டும் கண்ணில் பட்டது.

வீட்டுக்கு வந்த மாமா கம்பியைத் தாழ இறக்கிக் கட்டி அதில் சாரத்தைக் காயப்போட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டு உடுப்புக்கொடிதான் ஏரியல். ஈரத் துணி நிறையக் கிடந்தால் லண்டன் மங்கும். "ஆரடி சீலை தோய்ச்சது? செய்தி கேக்கேலாமக் கிடக்கு" என்று உள்ளேயிருந்து சத்தம் வரும்.

1990 ஜூனில் சண்டை மீண்டும் தொடங்கியதும் பைனாகுலரைப் பொலித்தீனால் சுற்றி, பிஸ்கட் ரின்னுக்குள் வைத்து, மெழுகால் ஒட்டி, கொல்லைத் தேசிமரத்தடியில் தாட்டார். எங்கள் வீட்டில் மட்டுமில்லை. ஒவ்வொரு வளவிலும் ஏதோ ஒன்று மண்ணுக்குள் போனது. வோக்கிரோக்கி பொம்மைகள், கமறா, பழைய டைனமோ, சிலபேர் புத்தகங்கள். மீனவருக்கு மோட்டார் வலுவில் கட்டுப்பாடு, கடலுக்குப் போக நேரம், பாஸ், சில துண்டுக் கடல்கள் முற்றாகத் தடை. கடலையே பார்க்கக்கூடாது என்று மட்டும் யாரும் எழுதிப்போடவில்லை. கண்ணுக்கு முன்னால் குழல் வைத்துப் பார்க்கக்கூடாது, அவ்வளவுதான்.

2004 டிசம்பர் 26 காலை சுமாத்திரா அதிர்ந்து ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேல் ஆன பிறகே அலை எங்கள் கரைக்கு வந்தது. 36,000 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் நின்றுகொண்டுதான் இருந்தன. கரையில் ஒரு சங்கு ஊதவில்லை. அன்று தெற்கே ஹிக்கடுவையில் கிளார்க்கின் சுழியோடி நிலையமும் அழிந்தது. 1883இல் கிரக்கட்டோவா வெடித்தபோது காலித் துறைமுகத்துக்கு வந்த கடல்கொந்தளிப்பைப் பற்றி அவர் தன் முதல் இலங்கை நூலிலேயே எழுதியிருந்தார். அறிந்தவருக்கும் கருவி உள்ளவருக்கும்கூட அந்தக் காலையில் செய்தி போய்ச்சேரவில்லை. கிண்ணியாவில் ஆஸ்பத்திரியையே கடல் கொண்டுபோனது. இதில் நான் யாரையும் மன்னிக்கத் தயாராக இல்லை. வருடக்கணக்காக எங்கள் கம்பியையும் குழலையும் எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்கு, கடலைப் பார்க்க ஒரு கருவி வைக்கத் தோன்றவில்லை.

இப்போது எல்லாம் திறந்துவிட்டது. உப்புவெளியிலும் நிலாவெளியிலும் சுழியோடக் கூட்டிப்போகிறார்கள்; புறாத்தீவைச் சுற்றிக் காட்டுகிறார்கள், சுவாமி மலையடிக்கும் இறக்குகிறார்கள். மீன்பிடிப் படகில் ஜிபிஎஸ் இருக்கிறது. 1942இல் குண்டுபட்டு, பிறகு துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்திய 'சகாய்ங்' கப்பலை 2018 மார்ச்சில் கடற்படைச் சுழியோடிகள் மிதக்கவைத்தார்கள். கடலட்டைக்காகச் சிலிண்டரோடு இறங்குகிற எங்கள் பெடியளில் சிலர் ஆழத்தில் நெடுநேரம் நின்றுவிட்டு வேகமாக மேலே வந்து, இரத்தத்தில் கரைந்த நைதரசன் குமிழாகி, இடுப்புக்குக் கீழே விளங்காமல் வீட்டில் கிடக்கிறார்கள். கிளார்க்கின் விளையாட்டுப் பொருள் இவர்களுக்குத் தொழிற்கருவி. அதனால் வேடிக்கை பார்க்கிற மூச்சு இவர்களுக்கும் மிச்சமில்லை.

2010இல் தேசிமரத்தடியைக் கிளறினோம். மரம் பெருத்து வேர் ரின்னைச் சுற்றியிருந்தது. கத்தியால் வெட்டித்தான் எடுத்தோம். மெழுகு எங்கோ வெடித்து ஈரம் போயிருந்தது. மாமா வேட்டித் தலைப்பால் துடைத்து, கண்ணில் வைத்து, நெடுநேரம் பேசாமல் இருந்தார். இடது குழலில் பூஞ்சணம் சிலந்திவலைபோலப் படர்ந்திருந்தது. "வலது வேலை செய்யுது" என்றார். கனடாவிலிருந்து வந்த மருமகன் சட்டைப்பையில் அடங்குகிற கமறாவைக் காட்டி, இதை முப்பது மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுபோகலாம் மாமா என்றான். மாமா அதை வாங்கித் திருப்பித்திருப்பிப் பார்த்துவிட்டு, இதுக்கு எந்த அலுவலகத்தில் பாஸ் எடுக்கவேணும் என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. லண்டன் தமிழோசை சிற்றலையில் 2017 ஏப்ரலோடு நின்றது. அதற்கு அடுத்த வருடம் மாமாவும் போய்விட்டார்.

கிளார்க்கின் கருவிகளுக்குப் பட்டியல் இருக்கிறது; அவரே எழுதினார், மற்றவர்களும் எழுதினார்கள். எங்கள் ஊரில் தாட்ட, எரித்த, கிணற்றுக்குள் போட்ட கருவிகளுக்குப் பட்டியல் இல்லை. 'ரன்முத்து தூவ' படப்பிடிப்பைப் பார்த்த பெடியள் இன்று எழுபத்தைந்து தாண்டியவர்கள். கேட்பதானால் இப்போதே கேட்கவேண்டும். இதை வாசிக்கிறவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, பொருளின் பெயர், என்ன செய்தார்கள், எந்த வருடம் என்ற மூன்றையும் எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். வீட்டாரின் பெயர் வேண்டாம். எங்கள் வீட்டுக் கணக்கை முதலில் தந்துவிடுகிறேன்.

திமிங்கிலக் கொப்பி ஒன்று, எரித்தது, வருடம் ஞாபகமில்லை. பைனாகுலர் ஒன்று, 1990இல் தாட்டது, 2010இல் எடுத்தது, இடது பக்கம் தெரியாது. சுழியோடிக் கண்ணாடி ஒன்று, 1995இல் எரித்தது. ஏரியல் கம்பி அறுபது அடி, இன்றும் உடுப்புக் காயப்போடுகிறோம்.